அமிகாவில் ஃப்ளாப்பி ஃபார்மேட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமடோர் நிறுவனம் 1985இல் அமிகா 1000 கணினியை வெளியிட்டது. பிறகு 500, 2000, 600, 1200, 4000 என்று வரிசையாக வந்தன. 1994 ஏப்ரலில் நிறுவனம் திவாலானது. கணினிகள் மட்டும் இன்றும் பலர் வீட்டு மேசையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பழுதுபார்ப்பதில் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பகுதி ஃப்ளாப்பி பற்றியவை, அதிலும் ஃபார்மேட் பற்றியவை. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஃப்ளாப்பி தயாரிப்பில் முன்னணியில் இருந்த சோனியே 2011 மார்ச்சில் ஜப்பானில் விற்பனையை நிறுத்திவிட்டது. கையில் இருக்கும் வட்டுகள்தாம் இனி நமக்குள்ளவை. ஆகவே, ஒரு டிரைவ் சொன்னது என்பதற்காக நல்ல வட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கீழே உள்ளவை எல்லாம் அந்தக் கவலையில் எழுதியவை.

ஃபார்மேட் பாதியில் நின்றுவிட்டது. வட்டு கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

எந்த சிலிண்டரில், அதாவது வட்டின் எந்தச் சுற்றில், நின்றது? அதை முதலில் சொல்லுங்கள். திரையில் "சிலிண்டர் 41, மீதி 38" என்ற கணக்கில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானோர் பிழைச் செய்தி வந்ததும் எரிச்சலில் மூடிவிட்டு மறுபடியும் முயல்வார்கள். எண்ணை யாரும் குறித்து வைப்பதில்லை. பாதி நோயை அந்த எண்ணே சொல்லிவிடும்.

வட்டில் 0 முதல் 79 வரை 80 சிலிண்டர்கள். 0 வெளிவிளிம்பில் இருக்கிறது, 79 நடுவை ஒட்டி இருக்கிறது. முதல் சிலிண்டரிலேயே நின்றால் வட்டைவிட டிரைவைச் சந்தேகியுங்கள்: அழுக்கான ஹெட் (வட்டைப் படித்து எழுதும் முனை), தூசி படிந்த சுழிய உணரி, சரியாக அமராத கேபிள். ஹெட் விளிம்புக்கு வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லும் சிறு ஒளி உணரிதான் சுழிய உணரி. அது குருடானால் ஹெட் விளிம்பில் போய் 'கடகட'வென்று முட்டும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால் மறக்காது.

ஐம்பது, அறுபதுக்குமேல் நின்றால் கதை வேறு. உட்சுற்றின் நீளம் வெளிச்சுற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. எழுதவேண்டிய பிட்டுகளோ இரண்டிலும் அதே அளவுதான். நெருக்கி எழுதவேண்டிய இடத்தில்தான் பலவீனம் முதலில் தெரியும். தேய்ந்த வட்டு, தவறான வகை வட்டு, லேசாக அழுக்கேறிய ஹெட் எல்லாம் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

நான்கு வெவ்வேறு வட்டுகளும் ஒரே எண்ணில் நின்றால், நான்கு வட்டும் ஒரே இடத்தில் கெட்டிருக்க வாய்ப்பில்லை. ஹெட் நகரும் தண்டில் பழைய கிரீஸ் கட்டிதட்டிப் போயிருக்கும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணில் நின்றால் மின்சாரத்தையோ தூசியையோ பாருங்கள்.

"டாஸ் வட்டு அல்ல" என்று வருகிறது. ஃபார்மேட் செய்துவிடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். பிழை எண் 225 ஆகிய இந்தச் செய்தி, "இந்த வட்டின் முகப்பை என்னால் அடையாளம் காண முடியவில்லை" என்று மட்டுமே சொல்கிறது. வட்டில் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை.

அந்தக் காலத்து விளையாட்டு வட்டுகள் பல, அமிகாவின் கோப்பு முறையையே பயன்படுத்தாமல் டிராக்குகளை (வட்டின் ஒரு பக்கத்துச் சுற்றுகளை) நேரடியாகப் படித்தன. அமிகாவின் மேசைத் திரையான வொர்க்பெஞ்சில் போட்டால் இந்தச் செய்திதான் வரும், மறுபடி இயக்கினால் விளையாட்டு ஓடும். கணினிக்குள்ளேயே பதிந்துவரும் இயக்க மென்பொருளான கிக்ஸ்டார்ட்டின் 2.0 பதிப்பில் புதிய (விரைவு) கோப்பு முறையில் ஃபார்மேட் செய்த வட்டை 1.3 உள்ள கணினியில் போட்டாலும் இதே செய்தி. பிசி வட்டைப் போட்டாலும் இதேதான். ஹெட்டில் ஒரு துளி அழுக்கு இருந்தால் நேற்றுவரை நன்றாக இருந்த வட்டுக்கும் இதேதான்.

ஒருவர் தன் அண்ணனின் பழைய வட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார். அண்ணன் இசையமைத்துச் சேமித்து வைத்திருந்த பாடல்கள் அதில் இருந்தன. அண்ணன் இப்போது இல்லை. பெட்டியில் இருந்த பன்னிரண்டு வட்டுகளில் ஏழுக்கு "டாஸ் வட்டு அல்ல" என்று வந்ததால், வெற்று வட்டு என்று நினைத்து மூன்றை ஏற்கெனவே ஃபார்மேட் செய்துவிட்டிருந்தார். மீதி நான்கையும் ஹெட்டைத் துடைத்துவிட்டுப் போட்டோம். நான்கும் படித்தன. அந்த மூன்றில் என்ன இருந்தது என்று இனி ஒருவருக்கும் தெரியாது. எனவே வரிசை இதுதான்: முதலில் ஹெட்டைத் துடையுங்கள், பிறகு வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள், பிறகு வட்டின் முழுப் படிவத்தை, அதாவது வட்டில் உள்ளது அப்படியே அடங்கிய ஒரு கோப்பை, எடுத்து வையுங்கள். ஃபார்மேட் அதற்கும் பிறகு.

ஹெட்டை எப்படித் துடைப்பது?

99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் இறுகச் சுற்றிய பஞ்சுக்குச்சியும் போதும். கணினியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிவிட்டு, டிரைவின் மேல் தகட்டைக் கழற்றுங்கள். இரண்டு ஹெட்டுகள் இருக்கும். கீழே உள்ளது அசையாது. மேலே உள்ளது மெல்லிய தகட்டுவில்லில் தொங்கிக்கொண்டிருக்கும். தவறு நேர்வது அந்த மேல் ஹெட்டில்தான். குச்சி நுழையும் அளவுக்கு மட்டும், சில மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள். நன்றாகத் தெரியட்டும் என்று மடக்கித் தூக்கினால் வில் வளைந்துவிடும், டிரைவ் அத்தோடு முடிந்தது.

குச்சியை ஆல்கஹாலில் தோய்த்து, சொட்டாமல் உதறிவிட்டு, ஹெட்டின் மேல் மெதுவாக நான்கைந்து முறை இழுங்கள். வெளியே எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சில் மெல்லிய காப்பிநிறக் கோடு ஒன்று இருக்கும். வட்டிலிருந்து உரிந்து வந்த காந்தப் பூச்சு அது. கோடு வராத வரைக்கும் குச்சியை மாற்றி மாற்றித் துடையுங்கள். ஐந்து நிமிடம் உலரவிடுங்கள்.

தகடு திறந்திருக்கும்போதே ஹெட் நகரும் தண்டையும் பாருங்கள். மஞ்சளாக, மெழுகுபோல் கட்டியிருக்கும் பழைய கிரீஸை அதே ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, திருகுத்தண்டில் வெள்ளை லித்தியம் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். பக்கக் கம்பிக்குத் தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெய் ஒரு சொட்டு போதும். துருவிட்ட ஆணிக்கு அடிக்கும் தெளிப்பான் எதையும் உள்ளே அடிக்காதீர்கள்.

பிசி ஃப்ளாப்பி 720 கிலோபைட் என்கிறது. அதே வட்டு அமிகாவில் 880 எப்படி? பிசியில் ஏன் படிக்கவில்லை?

வட்டு ஒன்றுதான், டிரைவும் ஏறக்குறைய ஒன்றுதான். எழுதும் முறை வேறு.

பிசி டிரைவுக்கென்று தனிக் கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. அது செக்டர் செக்டராக, அதாவது டிராக்கைத் துண்டு துண்டாக, எழுதும். எந்த செக்டரையும் தனியாக மாற்றி எழுத முடியவேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றுக்கும் இடையில் வெற்றிடம் விடும். அதனால் ஒரு டிராக்கில் 9 செக்டர்கள்தான் வைக்கிறார்கள்: 80 சிலிண்டர், 2 பக்கம், 9 செக்டர், 512 பைட். பெருக்கினால் 7,37,280 பைட்.

அமிகாவில் அப்படியொரு சில்லு இல்லை. ஒலியைக் கவனிக்கும் பவுலா சில்லுதான் ஃப்ளாப்பியிலிருந்து வரும் பிட்டுகளையும் அள்ளி நினைவகத்தில் கொட்டுகிறது. அதில் எது செக்டர், எது தலைப்பு என்று பிரிப்பது மென்பொருளின் வேலை. எழுதும்போதும் முழு டிராக்கையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவதால் செக்டர்களுக்கு இடையில் வெற்றிடம் தேவையில்லை. மிச்சமான இடத்தில் இன்னும் இரண்டு செக்டர்கள் உட்கார்ந்துவிடுகின்றன. 11 செக்டர் என்று கணக்கிட்டால் 9,01,120 பைட், அதாவது 880 கிலோபைட்.

பிசியின் சில்லு தனக்குப் பழகிய தலைப்பைத் தேடும். அமிகா செக்டரின் தலைப்பு வேறு அமைப்பில் இருப்பதால் ஒன்றும் கிடைக்காமல் கைவிரித்துவிடும். சில்லின் உள்ளேயே அந்த முறை பதிந்திருப்பதால் பிசியில் எந்த நிரலைப் போட்டும் பயனில்லை. மாறாக, எல்லாமே மென்பொருளாக இருப்பதால் அமிகாவுக்கு பிசி வட்டைப் படிக்கக் கற்றுக்கொடுக்க முடிந்தது. அந்த வடிவமைப்பில் எனக்கு இன்றும் தீராத மதிப்பு உண்டு.

இதில் ஃபார்மேட்டுக்கு ஒரு விளைவு இருக்கிறது. நிமிடத்துக்கு 300 சுற்று வேகத்தில், ஒரு சுற்றில் குறியீட்டு வடிவில் சுமார் 12,500 பைட் எழுத இடமுண்டு. 11 செக்டர்களுக்கு 11,968 பைட் போய்விடும். கைவசம் இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. டிரைவ் கொஞ்சம் வேகமாகச் சுழன்றால் சுற்று சீக்கிரம் முடிந்துவிடும், எழுதிக்கொண்டே வரும் வரிசையின் வால் தன் தலையையே மிதித்துவிடும். எழுதும்போது பிழை வராது. சரிபார்க்கும்போதுதான் ஒரு செக்டர் காணாமல் போயிருக்கும். பிசியில் ஒழுங்காக வேலை செய்யும் டிரைவ் அமிகாவில் சரிபார்ப்பில் மட்டும் தோற்றால் வேகத்தை அளந்து பாருங்கள்.

1.44 மெகாபைட் வட்டுதான் கிடைக்கிறது. துளையை ஒட்டிவிட்டுப் பயன்படுத்தலாமா?

அவசரத்துக்குச் செய்யலாம். பாதுகாக்கவேண்டிய எதையும் அதில் வைக்காதீர்கள்.

இரண்டு வட்டுகளுக்கும் பூச்சே வேறு. 720 வகை வட்டின் பூச்சைக் காந்தமாக்க அறுநூறு எர்ஸ்டெட்டை ஒட்டிய புலம் போதும். 1.44 வகைக்கு எழுநூறுக்கு மேல் வேண்டும், அதன் பூச்சும் மெல்லியது. அமிகாவின் சாதாரண டிரைவ் முதல் வகைக்காகச் செய்யப்பட்டது. இரண்டாம் வகையில் எழுதினால் பல நேரம் ஃபார்மேட் வெற்றி என்றே காட்டும். சில மாதம் கழித்து உட்சுற்றுகளில் பிழை தலைகாட்டும். ஃபார்மேட் ஆகிவிட்டதே என்று நம்பிச் சேமிப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

1.44 வகை வட்டின் மூலையில் அதன் வகையைக் காட்டும் துளை ஒன்று உண்டு. அதை ஒட்டுவது பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. அமிகா 500, 600, 1200 ஆகியவற்றோடு வந்த டிரைவுகள் அந்தத் துளையைப் பார்ப்பதே இல்லை, ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் ஒன்றுதான். அந்த வட்டைப் பின்பு பிசி டிரைவிலோ, அமிகா 4000இன் உயர்அடர்த்தி டிரைவிலோ போடும்போதுதான் துளை கணக்கில் வரும். அங்கே ஒட்டாவிட்டால் தவறான வகையில் படிக்க முயலும். ஒட்டுவதாக இருந்தால் ஒளி புகாத நாடாவை ஒட்டுங்கள். சில டிரைவுகள் ஒளியால் பார்ப்பவை, கண்ணாடி போன்ற நாடா அவற்றுக்குத் துளையேதான்.

பிசியில் 1.44 ஆக ஏற்கெனவே ஃபார்மேட் செய்த வட்டு இன்னும் அடம்பிடிக்கும். பலமாகப் பதிந்த பழைய காந்தத்தை அமிகாவின் ஹெட் முழுதாக அழிக்காது. ஒலிநாடாக்களை மொத்தமாக அழிக்கும் மின்காந்தக் கருவி கிடைத்தால், அதில் ஒருமுறை காட்டிவிட்டு ஃபார்மேட் செய்யுங்கள். எத்தனையோ "கெட்ட" வட்டுகள் இப்படி எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தாழ் மூடித்தான் இருக்கிறது. ஆனாலும் "எழுதத் தடை" என்கிறது.

தாழ் நகரும் துளை (மேலே சொன்ன வகைத் துளை அல்ல) திறந்திருந்தால் தடை, மூடியிருந்தால் எழுதலாம். முதலில் அதை உறுதிசெய்யுங்கள், தலைகீழாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். சரியாக இருந்தும் தடை வந்தால் டிரைவின் உள்ளே அதைப் பார்க்கும் சிறு ஊசிப்பொத்தானில் தூசி சேர்ந்திருக்கும், அல்லது ஒளி உணரியின் கண் மறைந்திருக்கும். ஊதிவிட்டு, ஊசியைக் குச்சியால் நாலு முறை அழுத்தி விடுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

விரைவு ஃபார்மேட் போதுமா?

ஏற்கெனவே அமிகாவில் ஃபார்மேட் செய்து, நன்றாக இருக்கும் வட்டைக் காலி செய்ய மட்டும் போதும். விரைவு ஃபார்மேட் முகப்பையும், 880ஆம் பிளாக்கில் (பிளாக் என்பது வட்டு முழுக்க வரிசையாக எண்ணிய செக்டர்) இருக்கும் வேர்ப் பிளாக்கையும், எந்தப் பிளாக் காலி என்ற கணக்கையும் மட்டுமே புதிதாக எழுதுகிறது. மற்ற டிராக்குகளைத் தொடுவதில்லை. பிசி வட்டையோ புது வட்டையோ இப்படிச் செய்தால் தோல்விதான். பிழை காட்டிய வட்டை இப்படிச் செய்தால் ஆபத்து, ஏனென்றால் பிழை அங்கேயே இருக்கும், உங்களுக்குத்தான் தெரியாமல் போகும்.

பிழைச் செய்தியில் ஒரு பிளாக் எண் வருகிறது. அதை வைத்து என்ன செய்வது?

அழகான கணக்கு அது. ஒரு சிலிண்டருக்கு 22 பிளாக், அதாவது பக்கத்துக்கு 11. பிளாக் எண்ணை 22ஆல் வகுங்கள். ஈவு சிலிண்டர். மீதி 11க்குக் கீழே இருந்தால் கீழ்ப்பக்கம், 11 அல்லது அதற்குமேல் இருந்தால் மேல்பக்கம்.

1247ஆம் பிளாக்கில் பிழை என்று வைத்துக்கொள்வோம். 22ஆல் வகுத்தால் ஈவு 56, மீதி 15. ஆக 56ஆம் சிலிண்டர், மேல்பக்கம், 4ஆம் செக்டர். இப்படி நாலைந்து பிழைகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். எல்லாமே மேல்பக்கம் என்று வந்தால் மேல் ஹெட் அழுக்காகவோ வளைந்தோ இருக்கிறது. இரண்டு பக்கமும் கலந்து, ஆனால் அடுத்தடுத்த சிலிண்டர்களில் வந்தால் வட்டில் கீறலோ கறையோ இருக்கிறது. எக்ஸ்காப்பி நிரலில் இந்தக் கணக்கே தேவையில்லை. மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்று இரண்டு கட்டங்களைப் போட்டு எந்த இடத்தில் பிழை என்று நேராகக் காட்டிவிடும்.

சில துணை நிரல்கள் டிரைவின் பிழையை எண்ணாகவே தரும். 21 என்றால் செக்டர் தலைப்பே கிடைக்கவில்லை, அந்த டிராக் ஃபார்மேட் ஆகவே இல்லை அல்லது ஹெட் எதையும் படிக்கவில்லை. 25 என்றால் தலைப்பு கிடைத்தது, உள்ளடக்கத்தின் கூட்டுத்தொகை பொருந்தவில்லை. 26 என்றால் 11 செக்டரில் சில கிடைக்கவில்லை, மேலே சொன்ன வால் மிதித்த கதை பெரும்பாலும் இங்கேதான். 28 எழுதத் தடை. 30 என்றால் ஹெட் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை, தண்டையும் சுழிய உணரியையும் பாருங்கள்.

டிரைவ் கெட்டதால் பிசி டிரைவை மாட்டினேன். ஃபார்மேட் ஆகிறது, ஆனால் வட்டுகள் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன.

உடனே நிறுத்துங்கள், வட்டுகள் அழிந்துகொண்டிருக்கின்றன.

34 ஊசி கேபிளில் அமிகாவும் பிசியும் இரண்டு ஊசிகளை வேறு வேறாகப் புரிந்துகொள்கின்றன. வட்டு மாறியது என்ற செய்தியை அமிகா 2ஆம் ஊசியில் எதிர்பார்க்கிறது, டிரைவ் தயார் என்ற செய்தியை 34ஆம் ஊசியில் எதிர்பார்க்கிறது. பிசி டிரைவோ வட்டு மாறிய செய்தியை 34இல் அனுப்புகிறது, தயார் என்ற செய்தியை அனுப்புவதே இல்லை. விளைவு, நீங்கள் வட்டை எடுத்துவிட்டு வேறு வட்டைப் போட்டதை அமிகா அறியாது. பழைய வட்டில் எந்தப் பிளாக் காலி என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு புதிய வட்டில் எழுதும். அங்கே அந்த இடத்தில் வேறொரு கோப்பு இருக்கும்.

மாற்றி அமைத்த டிரைவ் என்று சொல்லி விற்றதை நம்பி வாங்கிய ஒருவர், ஒரே மாலையில் ஒன்பது வட்டுகளை இப்படி இழந்தார். டிரைவைத் திறந்து பார்த்தேன். டிரைவ் எண் தேர்வை மட்டும் 1இலிருந்து 0க்கு மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றம் தேவைதான், ஆனால் அது போதாது. இந்த இரண்டு ஊசிகளையும் மாற்றித் தரும் இடைப்பலகையோ டிரைவின் பலகையிலேயே கம்பி மாற்றமோ செய்யவேண்டும். அதுவரை, ஒவ்வொரு முறை வட்டு மாற்றும்போதும் 'டிஸ்க்சேஞ்ச் டிஎஃப்0:' என்ற கட்டளையைக் கொடுங்கள். ஒருமுறை மறந்தாலும் போயிற்று என்பதால் இதை நான் பரிந்துரைப்பதில்லை.

என் கணினியில் ஃபார்மேட் செய்த வட்டு என் கணினியில் மட்டும் படிக்கிறது.

ஹெட்டின் இருப்பிடம் விலகியிருக்கிறது. தன் வழியில் தானே எழுதித் தானே படிப்பதால் டிரைவுக்குத் தன் குறை தெரியாது. அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் பதிவாகி வந்த அசல் வட்டு ஒன்றைப் போடுங்கள். அது படிக்கத் திணறினால் சந்தேகமே இல்லை. நகர்த்தும் மோட்டாரின் திருகை அளவுக்கருவி இல்லாமல் தளர்த்தாதீர்கள். விலகிய டிரைவைத் திருத்துவதற்கு முன், அதில் எழுதிய வட்டுகளை எல்லாம் அதே டிரைவில் படித்துப் படிவம் எடுத்துவிடுங்கள். திருத்திய பிறகு அவற்றை அதுவும் படிக்காது.

பழைய கோப்பு முறையா, விரைவுக் கோப்பு முறையா?

வட்டை வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் பழையது. கிக்ஸ்டார்ட் 1.3 உள்ள அமிகா 500 இன்னும் நிறைய இருக்கின்றன. அவை ஃப்ளாப்பியில் பழைய முறையை மட்டுமே ஏற்கும். பழைய முறையில் ஒவ்வொரு பிளாக்கிலும் 24 பைட் தலைப்புக்குப் போய், 488 பைட்தான் உங்களுக்கு. வேகமும் குறைவு. ஆனால் அந்தத் தலைப்பில் இந்தப் பிளாக் எந்தக் கோப்பைச் சேர்ந்தது, எத்தனையாவது, அடுத்தது எது என்றெல்லாம் இருக்கிறது. வட்டு உடைந்தால் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்க்க அது உதவும். எனக்கு அந்த 24 பைட் இழப்பாகத் தெரியவில்லை. அடைவுத் தற்சேமிப்பு என்ற தேர்வு 3.0க்கு முன் எதிலும் படிக்காது, தொடாமல் விடுங்கள்.

அமிகாவிலேயே பிசி வட்டை ஃபார்மேட் செய்ய முடியுமா?

முடியும். வொர்க்பெஞ்ச் 2.1 முதல், பிசி வட்டைக் கையாளும் கிராஸ்டாஸ் நிரல் கூடவே வருகிறது. சேமிப்புக் கருவிகளின் அடைவிலிருந்து பிசி0 என்ற சின்னத்தை இயக்கிவிட்டு, வட்டைப் போட்டு, அந்தச் சின்னத்தில் ஃபார்மேட் கொடுங்கள். 720 கிலோபைட்டில் வரும். பிசியில் 720ஆக ஃபார்மேட் செய்து கொண்டுவந்தாலும் சரிதான். கோப்புப் பெயரை எட்டு எழுத்துக்குள் வையுங்கள்.

ஃபார்மேட் செய்த வட்டிலும் வைரஸ் வருகிறதே?

வட்டின் முதல் இரண்டு செக்டர்கள், 1,024 பைட், துவக்கப் பகுதி. 1987இல் பரவிய எஸ்சிஏ வைரஸ் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. விசைப்பலகையில் மூன்று விசையை அழுத்தி மறுபடி இயக்கினால் அது நினைவகத்தை விட்டுப் போகாது, அப்போது டிரைவில் இருக்கும் வட்டில் போய் உட்காரும். ஆகவே சுவிட்சை அணைத்து அரை நிமிடம் காத்திருந்து, எழுதத் தடை போட்ட சுத்தமான வட்டால் இயக்கி, அதன் பிறகு ஃபார்மேட் செய்யுங்கள். தடைத் தாழை டிரைவின் மின்சுற்றே மதிக்கிறது, எந்த நிரலும் அதை மீற முடியாது.

வட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன.

பூஞ்சணம். டிரைவில் போடாதீர்கள். ஈரக்காற்றுள்ள ஊர்களில் பெட்டியில் வைத்த வட்டுகளுக்கு இது சகஜம். உலோகத் தகட்டை விலக்கி, நடுச்சக்கரத்தை விரலால் சுழற்றிப் பாருங்கள். பூஞ்சணம் உள்ள வட்டைப் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல வட்டையும் கீறும். டிரைவிலிருந்து கீச்சென்ற சத்தம் வந்தால் அந்த நொடியே வட்டை எடுத்துவிட்டு ஹெட்டைத் துடையுங்கள். வட்டில் உள்ளது முக்கியம் என்றால், அதே பஞ்சும் ஆல்கஹாலும் கொண்டு, வட்டத்தைச் சுழற்றிச் சுழற்றி இரண்டு பக்கமும் மெதுவாகத் துடைத்து, முற்றிலும் உலர்ந்தபின் ஒரே ஒருமுறை படித்துப் படிவம் எடுங்கள். அந்த வட்டை மறுபடி ஃபார்மேட் செய்து பயன்படுத்த நினைக்காதீர்கள். வட்டுகளைக் காப்பாற்றச் சொல்லும் நானே இதை மட்டும் விட்டுவிடச் சொல்கிறேன்.

உள்டிரைவும் வெளிடிரைவும் இரண்டுமே ஃபார்மேட் செய்யவில்லை.

இரண்டு டிரைவும் ஒரே நாளில் கெடாது. மின்வழங்கியில் தொடங்குங்கள். டிரைவ் சுழலும்போதே 5 வோல்ட் கம்பியை அளந்து பாருங்கள். 4.75க்குக் கீழே இறங்கினால் படிக்கும், எழுதாது. வெளிடிரைவைக் கழற்றியதும் உள்டிரைவ் சரியானால் அதுவும் மின்வழங்கி நொந்துபோனதற்கு அடையாளம்.

அடுத்து சிஐஏ எனப்படும் உள்ளீடு-வெளியீட்டுச் சில்லுகள். மோட்டார், ஹெட் நகர்வு, பக்கத் தேர்வு, எழுதத் தடை எல்லாம் இவ்விரண்டு சில்லுகள் வழியாகத்தான் போகின்றன. அமிகா 500இல் இரண்டும் ஒரே வகை, சாக்கெட்டில் செருகியவை. இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறும் இடம் மாறினால் பழுதான சில்லு அதுதான். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது வெளிடிரைவை மாட்டுவதும் கழற்றுவதும் இவற்றைக் கொல்லும் பழக்கங்களில் ஒன்று. அமிகா 600, 1200 என்றால் மதர்போர்டில் ஒட்டிய சிறு மின்தேக்கிகள் கசிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். மீன் வாடை போன்ற நெடியும், மங்கிய பற்றவைப்பும் அதன் அடையாளங்கள்.

வட்டு இல்லாதபோது டிரைவ் 'டிக் டிக்' என்கிறது. பழுதா?

இல்லை. வட்டு வந்துவிட்டதா என்று அறிய ஹெட்டை ஓர் அடி நகர்த்திப் பார்ப்பதுதான் அமிகாவின் வழி.

யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவில் அமிகா வட்டைப் படிக்கலாமா?

முடியாது, அவை பிசி வகைகளை மட்டுமே அறியும். கெய்ர் ஃப்ரேசர் உருவாக்கிய கிரீஸ்வீசல் பலகையை வாங்கி, சாதாரண பிசி ஃப்ளாப்பி டிரைவில் இணையுங்கள். அது காந்தத் துடிப்பையே பதிவுசெய்வதால் அமிகா, அடாரி, பிசி எதுவானாலும் படிக்கும், எழுதும். நல்ல அமிகா வட்டின் படிவக் கோப்பு சரியாக 9,01,120 பைட் இருக்கும்.

தவறான வட்டை ஃபார்மேட் செய்துவிட்டேன். ஏதாவது மீளுமா?

முழு ஃபார்மேட் முடிந்துவிட்டது என்றால் இல்லை. மற்ற நிலைகளில் நம்பிக்கை உண்டு.

முதல் வேலை, வட்டை எடுத்துத் தடைத் தாழைத் திறந்துவிடுங்கள். பிறகு படிவம் எடுங்கள். மீட்பு முயற்சி எதுவும் படிவத்தின் நகல்மேல்தான் நடக்கவேண்டும். 1.3இல் கூட வந்த டிஸ்க்டாக்டர் அசல் வட்டையே மாற்றி எழுதும், அதைத் தொடாதீர்கள். கமடோரில் பொறியாளராக இருந்த டேவ் ஹேனி எழுதிய டிஸ்க்சால்வ், கண்டெடுத்த கோப்புகளை வேறொரு வட்டில் எழுதித் தரும்.

விரைவு ஃபார்மேட் என்றால் வேர்ப் பிளாக் மட்டும் போயிருக்கும், கோப்புகளின் தலைப்புகள் அப்படியே கிடக்கும். டிஸ்க்சால்வ் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கும். முழு ஃபார்மேட்டைப் பாதியில் நிறுத்தியிருந்தால், எந்த சிலிண்டரில் நிறுத்தினீர்கள் என்பதைப் பொறுத்தது. வேர்ப் பிளாக் 880ஆம் எண்ணில் இருக்கிறது. 22ஆல் வகுத்தால் சரியாக 40ஆம் சிலிண்டர். 12இல் கை வைத்து நிறுத்தியிருந்தால் வேரும் அதற்குப் பின்னுள்ளவையும் தொடப்படவில்லை, 13 முதல் 79 வரை 67 சிலிண்டர்கள் பத்திரமாக இருக்கின்றன.